நற்சான்று யார் தருவது?

சில ஞாயிறுகளுக்கு முன் திருப்பலி முடிந்ததும் கோவில் வளாகத்தில் இனிப்பு வழங்கப்பட்டது. பங்கு மக்களுள் ஒருவரின் மகளுக்குக் கனடா நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. பெற்றோரின் முகத்தில் மகிழ்ச்சி, நமக்கும் மகிழ்ச்சியே. கடல் கடந்து சென்ற பிள்ளை அங்கே உரிமையோடு தலைநிமிர்ந்து வாழப் போகிறாள் என்றால் வாழ்த்தாமல் இருக்க முடியுமா? அதே காலையில், பங்குப் பேரவையின் கூட்டத்தில் ஒரு விண்ணப்பம் கையெழுத்துக்காக வைக்கப்பட்டது. இலங்கைத் தமிழர் முகாம்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் மக்களுக்கு இந்தியக் குடியுரிமை வழங்க வேண்டும் என்று நடுவணரசைக் கேட்கும் விண்ணப்பம் அது. கையெழுத்திட்டவர் சிலர். தாளைப் படித்துப் பார்த்து அடுத்தவரிடம் நகர்த்தியவர் பலர். அவர்களுள் வயதில் மூத்த ஒருவர் நயமாகவே சொன்னார்: "கொடுக்க வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா ஆளு எப்படின்னு பாத்துக் கொடுக்க வேண்டாங்களா? நிலையான வருமானம் இருக்குதா, நடத்தை எப்படி, இதெல்லாம் விசாரிக்காம எப்படீங்க?"

கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கும் கேள்வி. சொன்னவரும் நல்லவர், வறியவர்க்கு வாரி வழங்குபவர். அதனாலேயே இதற்கு விரிவாக மறுமொழி எழுத நேர்ந்தது. வருமானமும் நன்னடத்தையும் பார்த்தே குடியுரிமை வழங்க வேண்டும் என்னும் கருத்து புதிதாகத் தோன்றியதன்று. இம்மக்களின் பாட்டன்மாரிடமே அக்கேள்வி கேட்கப்பட்டது. அதன் விளைவாகவே இன்று பேரப்பிள்ளைகள் பவானிசாகரிலும் பூலுவபட்டியிலும் ஆழியாற்றிலும் முகாம்களில் இருக்கிறார்கள் என்பதை அம்மூத்தவர் அறியார். நம்மில் பெரும்பாலோர் அறியோம்.

இலங்கை 1948ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் விடுதலை பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டின் பொதுத்தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு உறுப்பினர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டனர். ஆங்கிலேயர் போனதும் கதை மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், ஒருவர் பிறப்பால் குடிமகனாக வேண்டுமெனில் அவர் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. லயத்து அறையில் பிறந்த குழந்தைக்கு ஒழுங்கான பிறப்புப் பதிவே அரிது. பூட்டனின் பிறப்புக்குத் தாள் யார் வைத்திருந்தார்? அடுத்த ஆண்டு 'இந்திய, பாக்கித்தானிய வதிவாளர் சட்டம்' என்னும் பெயரில் 3ஆம் எண் சட்டம் வந்தது. பிறப்பால் வராதவர் பதிவின் வழியாக வரலாம் என்று ஒரு கதவைத் திறப்பதாக அது காட்டிக்கொண்டது.

அக்கதவின் நிலைச்சட்டத்தில் எழுதியிருந்த நிபந்தனைகளைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1946ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். மணமானவரின் மனைவியும் சிறு பிள்ளைகளும் அவ்வாறே வாழ்ந்திருக்க வேண்டும். அத்தோடு, தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காப்பாற்றத் தக்க உறுதியான, நியாயமான வருமானமோ, தகுந்த தொழிலோ, சட்டத்துக்கு உகந்த வேறு பிழைப்போ இருப்பதாகக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு. 1951 ஆகஸ்டு 5ஆம் நாளோடு காலம் முடிந்தது.

நியாயமான வருமானம் என்னும் அச்சொற்றொடரை யாரிடம் கேட்டார்கள்? அந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தின் பெரும்பகுதியைத் தங்கள் விரல்களால் கிள்ளித் தந்தவர்களிடம் கேட்டார்கள். கூலி எவ்வளவு என்பதை அவர்கள் முடிவு செய்யவில்லை. இன்று பேர் போடுவதா இல்லையா என்பதைக் கூட அவர்கள் முடிவு செய்யவில்லை. துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் முடிவு செய்தார்கள். குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஏறும் மலையும் இறங்கும் பாதையும் தோட்டத்துக்குச் சொந்தம். இவ்வாறு ஒரு மனிதனின் வருமானத்தைப் பிறர் கையில் வைத்துவிட்டு, பின்னர் அவனை நோக்கி, உனக்கு உறுதியான வருமானம் உண்டா என்று அரசே கேட்பது எவ்வகை அறம்? அவனிடம் இல்லாதது உழைப்பன்று, உழைப்புக்குரிய கூலியே. அக்குறைக்குப் பொறுப்பானவர் எவரோ அவருக்குக் குடியுரிமையில் ஐயமில்லை. குறையைச் சுமந்தவனுக்கே ஐயம்.

வதிவு நிபந்தனையும் இதே போன்றதுதான். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் குடும்பங்களில் இன்றும் வழக்கம். நாமக்கல்லுக்கோ துறையூருக்கோ பேறுகாலத்துக்கு வந்த பெண் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்பட்டது. ஊரிலிருக்கும் தாய்க்குப் பணம் அனுப்பினால், இவன் மனம் இங்கே நிலைகொள்ளவில்லை என்று பொருள் கொள்ளப்பட்டது. பெற்றவளைப் பேணுதல் நன்னடத்தைக்கு எதிரான சாட்சியாயிற்று! நான்காம் கட்டளையைக் கைக்கொண்டமைக்காக நாடிழந்தவர் உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

தொழிலாளரின் அமைப்பு முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னர் மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. காலம் முடிவதற்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8,25,000 பேர் சார்பில் சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. முடிவில் குடியுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேர். ஆறு பேரில் ஒருவர். மற்ற ஐவரும் அதே மலையில், அதே லயத்தில், அதே கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு, எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் நின்றனர்.

வழக்கும் நடந்தது. இலண்டனில் பிரிவி கவுன்சில் வரை அது போயிற்று. 1953இல் வந்த தீர்ப்பை நம் வழக்கறிஞர்களும் இறையியல் மாணவர்களும் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். கல்வி, சொத்து, பிறப்பு, வதிவு ஆகிய அளவுகோல்களைக் குடியுரிமைக்கு வைப்பது சட்டமன்றத்தின் உரிமை. அவை எழுத்தறியாதவரையும் ஏழைகளையும் வெளியே நிறுத்தலாம். ஆயினும் அதனால் ஒரு சமூகத்துக்குத் தடை விதிக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது என்பது அதன் சாரம். எத்துணை நேர்த்தியான வாதம்! ஒரு சமூகம் முழுவதையும் நூறாண்டாக ஏழையாகவும் எழுத்தறியாததாகவும் வைத்திருந்துவிட்டு, ஏழைகளையே விலக்கினோம், சமூகத்தை விலக்கவில்லை என்று சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. சட்டத்தின் முன் அது தவறில்லாமல் இருக்கலாம். நாம் கேட்பது அவ்வளவில் நின்றுவிடும் கேள்வியன்று.

வருமானத்தால் குடியுரிமை பெற்ற ஒருவரை நம் மறைநூலே நமக்கு அறிமுகம் செய்கிறது. நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைத்த பவுல் அடிகளை எருசலேமில் கைது செய்து, சாட்டையால் அடித்து விசாரிக்க ஆயத்தம் செய்கிறார்கள். உரோமைக் குடிமகனை விசாரணையின்றி அடிக்கலாமா என்று பவுல் கேட்டதும் ஆயிரத்தவர் தலைவர் திகைக்கிறார்; தாம் பெருந்தொகை கொடுத்தே அவ்வுரிமையைப் பெற்றதாகச் சொல்கிறார். பவுலோ, தமக்கு அது பிறப்பிலேயே வாய்த்தது என்கிறார். திருத்தூதர் பணிகள் நூலின் 22ஆம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். அத்தலைவரின் பெயர் கிலவுதியு லீசியா என்பது அடுத்த அதிகாரத்தில் தெரியவருகிறது; பேரரசர் கிலவுதியு காலத்தில் உரிமையை விலைக்கு வாங்கி, அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார் போலும் என்று விளக்கவுரையாளர் கூறுவர். லீசியா தீயவரல்லர், பவுலின் உயிரைக் காத்தவரே அவர்தாம். எனினும் அக்காட்சியில் நம்மை உறுத்துவது வேறொன்று. அவ்வறையில் குடியுரிமை வாங்கியவர் ஒருவரும் அதோடு பிறந்தவர் ஒருவரும் இருந்தனர். சாட்டையிலிருந்து பவுலைக் காத்தது அவர் தூய்மையோ தொண்டோ அன்று, அவ்வுரிமை ஒன்றே. வாங்கவும் வழியின்றி, பிறப்பிலும் வாய்க்காதவர் அங்கே நின்றிருந்தால் அடி விழுந்திருக்கும். அவர் எவ்வளவு நல்லவராயினும் விழுந்திருக்கும்.

மீண்டும் கதைக்கு வருவோம். நாடற்றவராக நின்றவர்களின் எண்ணிக்கை 1964இல் 9,75,000 என்று இரு அரசுகளும் கணக்கிட்டன. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. மீந்த 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்த கப்பலில் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் பல குடும்பங்களை நம் கொங்கு மலைகளே ஏற்றுக்கொண்டன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் வால்பாறையிலும் அரசின் டேன்டீ தோட்டங்கள் அவர்களுக்கென்றே எழுந்தன. நாம் காலையில் அருந்தும் தேநீரில் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

1983க்குப் பின் போர் மூண்டது. அடுத்த ஆண்டில் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துத் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களும், விண்ணப்பமே செய்யாதவர்களும், யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் மன்னாரின் மீனவரும் ஒன்றுபோலப் படகேறினர். இன்று தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கின்றனர். அவர்களுள் மலையக வழியினர், அதாவது நம் நாமக்கல், துறையூர், இராமநாதபுரத்துப் பாட்டன்மாரின் வழியினர், ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் என்பர். 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளைப் புதிதாகக் கட்ட நிதி ஒதுக்கியது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், பிற பெரியவருக்கு 1,000 ரூபாய், சிறுவருக்கு 500 ரூபாய் என மாத உதவியை உயர்த்தியது. நன்று. பாராட்டுக்குரியது. ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

பொள்ளாச்சிப் பக்கத்து முகாம் ஒன்றில் நாம் சந்தித்த ஒரு முதியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவர். அட்டன் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவர் தந்தை 1951இல் விண்ணப்பித்தார். தாய் பேறுகாலத்துக்கு ஊருக்குச் சென்று ஒன்றரை ஆண்டு தங்கியதால் விண்ணப்பம் தள்ளப்பட்டது. குடும்பம் பின்னர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தது. பதில் வருமுன் வீடு எரிந்தது. 1984இல் படகில் வந்தார். நாற்பது ஆண்டாக வீடுகளுக்கு வர்ணம் பூசும் வேலை. முகாம் ஆண்களில் பலருக்கு அதுவே தொழில். பொள்ளாச்சியில் அவர் கை படாத தெரு குறைவு. நம் கோவில் ஒன்றின் சுவருக்கும் திருவிழாவுக்கு முன் அவர்தாம் வெள்ளை அடித்தார் என்பதைப் பிறகு அறிந்தோம். "ஐயா, அங்க எங்களைக் கள்ளத்தோணின்னாங்க. நாங்க தோணியே ஏறினதில்ல, அங்கேயே பொறந்தவங்க. இங்க வர்றப்பதான் நெசமாவே தோணியில வந்தோம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நமக்குச் சிரிக்க வரவில்லை.

அவர் பேத்தி பொள்ளாச்சி அரசு மருத்துவமனையில் பிறந்தவள். கணினி பயின்றவள். தமிழன்றி வேறு மொழியில் கனவு காணாதவள். அவளுக்கும் குடியுரிமை இல்லை. ஏன் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1987 சூலை 1ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே குடிமக்கள். அவ்விதியைக் கொண்டே முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்டது. அந்நாளுக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3ஆம் நாளுக்குப் பின் பிறந்தவருக்கு அதுவும் போதாது. பெற்றோரில் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருத்தலும் ஆகாது. எனவே முகாம் இளைஞன் ஒருவன் நம் பங்குப் பெண்ணை நம் பலிபீடத்தின் முன் மணந்தாலும், அவர்கள் குழந்தை பிறப்பால் இந்தியக் குடியன்று. இதைச் சொன்னபோது பேரவையில் ஒருவரும் நம்பவில்லை. நம்பித்தான் ஆக வேண்டும். சட்டம் அவ்வாறே இருக்கிறது.

கனடாவில் குடியுரிமை பெற்ற அம்மகளின் குழந்தையோ, அந்நாட்டு மருத்துவமனையில் பிறந்த அன்றே கனடாக் குடிமகன். தாயோ ஐந்தாண்டில் 1,095 நாள் அங்கே வாழ்ந்திருந்தார், வரிக்கணக்கைக் காட்டினார், தேர்வு எழுதினார். வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று குடியுரிமைக்கு அந்நாடு கேட்பதில்லை. அந்நாடு அவரிடம் கேட்காததையே, அவர் பெற்ற உரிமைக்காக இனிப்பு வழங்கிய நாம், முகாமில் வாழ்பவரிடம் கேட்க விரும்புகிறோம்.

இந்தியச் சட்டம் என்ன கேட்கிறது? இயல்புரிமையாகக் குடியுரிமை பெற விரும்புவோர் பன்னிரண்டு ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தை உடையவராக இருக்க வேண்டும். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழியொன்றைப் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும். நாற்பதாண்டு வாழ்ந்தவர்க்குப் பன்னிரண்டு பெரிதன்று. தமிழ் எட்டாம் அட்டவணையில் இருக்கிறது. நன்னடத்தைக்கு இந்தியக் குடிமக்கள் இருவர் உறுதிப் பத்திரம் தர வேண்டும்; தருவோம். ஆனால் இவற்றில் எதையும் காட்டும் இடத்துக்கே அவர்கள் போக முடியாது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று வரையறுத்து, அவருக்கு விண்ணப்பிக்கும் வழியையே அடைத்துவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாக்கித்தான், வங்கதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தவர்க்கு அவ்வடைப்பை நீக்கியது. அவர்களிலும் நன்னடத்தைக்கு உறுதிப் பத்திரம் கேட்கப்படுகிறது. இலங்கையின் பெயர் அப்பட்டியலில் இல்லை. கிறிஸ்தவரின் பெயர் இருக்கிறது. ஆகவே நமக்கு இதில் குறையில்லை என்று கருதி நம்மவருள் சிலர் அப்போது பேசாதிருந்தனர் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை. முகாம்களில் இந்துக்களும் கத்தோலிக்கரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

2019 சூன் மாதத்தில் மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், மலையக வழியினரான மனுதாரர்களின் விண்ணப்பங்களைப் பரிவோடு ஆராயுமாறு நடுவணரசுக்கு வழி காட்டினார். ஆண்டுகள் உருண்டன, பொதுவான தீர்வு பிறக்கவில்லை. 2025 செப்டம்பரில் நடுவணரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 சனவரி 9ஆம் நாள் வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்காகத் தண்டிக்கப்பட மாட்டார் என்பது அது. வரவேற்கிறோம். தண்டனை இல்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல.

இனி நன்னடத்தைக்கு வருவோம். நன்னடத்தைச் சான்று என்பது நமக்குப் பழகிய பொருள். பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் நடத்தை 'நன்று' என்று தலைமையாசிரியர் எல்லார்க்கும் எழுதுகிறார். வகுப்பைவிட்டு ஓடியவனுக்கும் அதே சொல்தான். பங்குத் தந்தையிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கப் போகும்போது, அவர் நம்மை அறிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறது; அறியாவிட்டால் அன்பியப் பொறுப்பாளரைத் தேட வேண்டியிருக்கிறது. சான்று அளப்பது நம் நடத்தையையா, நமக்குத் தெரிந்தவரின் எண்ணிக்கையையா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம். முகாமில் வாழ்பவர் குறித்த நாளில் வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டும். வெளியூர் செல்லச் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். கியூ பிரிவின் கண் எப்போதும் அவர்மீது இருக்கிறது. நாற்பதாண்டுக்காலம் காவல்துறையே நாள்தோறும் நோக்கிய ஒருவரின் நடத்தையைப் பற்றி அரசுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? நம்முள் எவர் வாழ்க்கைக்கு அத்தகைய பதிவேடு உண்டு? உண்மையைச் சொன்னால், நடத்தைக்கு எழுத்துச் சான்று காட்ட வல்லவர் அவர்களே, நாமல்லோம்.

வருமானமும் அவ்வாறே. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. கடவுச்சீட்டு இல்லை. ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டால் ஊர், பேர், அட்டை எல்லாம் கேட்டு, முகாம் என்றதும் முகம் மாறுகிறது. கட்டிக்கொடுத்த கால்களை வைத்துக்கொண்டு ஓடச் சொல்லி, பின்தங்கிவிட்டான் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா? பேத்திக்கு வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் ஒன்று, ஆவணங்களைப் பார்த்ததும் பிறகு சொல்கிறோம் என்றது. அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. வீட்டில் வருமானம் பெருகாததற்கு யாரைக் குறை கூறுவது?

உலகெங்கும் இப்போது இக்காற்றே வீசுகிறது என்பதையும் காண்கிறோம். சுவிட்சர்லாந்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்றாண்டில் சமூக உதவி பெற்றவர் அதைத் திருப்பிச் செலுத்தாவிடில் குடியுரிமைக்குத் தகுதியற்றவர். அங்கே உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஈழத்தமிழர் பலர். பிரித்தானியா 2025 பிப்ரவரியில், ஆபத்தான பயணம் செய்து முறையின்றி நாட்டுக்குள் வந்தவருக்குப் பொதுவாகக் குடியுரிமை மறுக்கப்படும் என்று தன் நன்னடத்தை வழிகாட்டியையே திருத்தியது. படகேறியதே தீய நடத்தை! அமெரிக்கா அதே ஆண்டு ஆகஸ்டில், குற்றம் செய்யாதிருத்தல் மட்டும் போதாது, நற்செயல்களையும் எடைபோட வேண்டும் என்று அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. அங்கே உள்ள நம் பிள்ளைகள் அவ்வலுவலர் முன் அமர்ந்து தங்கள் நற்செயல்களைப் பட்டியலிடும் நாளில், கோவையில் நாம் செபமாலை சொல்லிக்கொண்டிருப்போம். அப்போதேனும் முகாம்களின் நினைவு வருமோ?

எதிர்ப்பக்கத்திலும் மதிக்கத்தக்க சில வாதங்கள் உண்டு; அவற்றைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையன்று. தன் குடிகள் யாவர் என்று முடிவு செய்ய ஓர் அரசுக்கு உரிமை உண்டு. ஒப்புகிறோம். கொடுங்குற்றத்துக்காக நீதிமன்றம் தண்டித்த ஒருவரின் விண்ணப்பத்தை அரசு மறுக்கலாம். அதையும் ஒப்புகிறோம், அதற்குத் தீர்ப்பு என்னும் தெளிவான அளவுகோல் இருக்கிறது. 1991 மே 21ஆம் நாளைச் சுட்டுவோர் உண்டு. திருப்பெரும்புதூரில் அன்று நடந்த கொடுமையை மறக்க எவராலும் இயலாது. ஆனால் அன்று பிறந்திராத பேத்தி அதற்கு எவ்வகையில் விடை சொல்வாள்? இன்னும் சிலர், குடியுரிமை கொடுத்துவிட்டால் இலங்கையில் தமிழரின் உரிமைக்குரல் மெலியும் என்கின்றனர். திரும்பிச் செல்ல விரும்புவோர் இருக்கின்றனர். மண்ணும் உறவும் அங்கே உள்ளவர்கள் செல்லட்டும். அவர்களுக்கு உதவுவதும் கடமையே. ஆயினும் பிறருடைய போராட்டத்துக்கு வலுச் சேர்ப்பதற்காக ஒரு குடும்பம் நான்காம் தலைமுறையாகவும் நாடின்றி இருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு யார் உரிமை தந்தார்? இந்தியா உலகத்தார்க்கெல்லாம் சத்திரமன்று என்று 2025இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு கருத்து எழுந்தது. அது தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கில் சொல்லப்பட்டது. முகாம் மக்கள் அனைவர்மீதும் அதை ஏற்றிப் பேசுவோர் அவ்வேறுபாட்டை மறைக்கின்றனர். சத்திரத்தில் ஓரிரவு தங்குவர். நாற்பதாண்டு தங்கி, பிள்ளை பெற்று, இறந்தோரைப் புதைத்த இடத்துக்குச் சத்திரம் என்றா பெயர்?

வருமானச் சோதனையின்றி வழங்கினால் நாடு சீர்குலையும் என்று அஞ்சுவோர்க்கு இலங்கையே ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. எந்நாடு 1949இல் வருமானம் கேட்டதோ, அந்நாடே 2003இல் 35ஆம் எண் சட்டத்தை இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர் வழித்தோன்றல்களும் குடிமக்கள் என்று அது அறிவித்தது. சம்பளச்சீட்டு கேட்கவில்லை, நற்சான்று கேட்கவில்லை. மலையகத்தார் வாக்களித்தனர், வரி கட்டினர், கொழுந்து பறித்தனர். பின்னாளில் அந்நாட்டை வீழ்த்திய பொருளாதார நெருக்கடிக்கு அவர்கள் காரணரல்லர் என்பதை உலகறியும். அரை நூற்றாண்டு கழித்தேனும் தன் பிழையை ஒரு சிறு தீவு திருத்திக்கொண்டது. அந்தத் திருத்தம் வருமுன் படகேறியவர்களே நம்மிடம் இருக்கிறார்கள்.

கொங்கு நாட்டார் உழைப்பை மதிப்பவர்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வானம் பார்த்த மண்ணில் கிணறு வெட்டி, ஆலை வைத்து, பின்னலாடையால் உலகச் சந்தையைப் பிடித்த மண் இது. இம்மண்ணில் ஒருவனை அளக்க, காலை எத்தனை மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறான் என்பதுதானே வழக்கமான அளவுகோல்? அந்த அளவுகோலைக் கொண்டே அளந்துகொள்ளட்டும். முகாமிலிருந்து ஐந்தரை மணிப் பேருந்தில் வர்ண வாளியோடும் தூரிகையோடும் ஏறுபவர்களை அவ்வழித்தடத்தின் நடத்துநர்கள் அறிவார்கள்.

பேரவையின் விண்ணப்பம் இன்னும் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. கையெழுத்துக்கு இடமும் இருக்கிறது. அம்மூத்தவரை நாம் மீண்டும் சந்தித்து, முதியவரின் கதையைச் சொன்னோம். வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், தம் வீட்டு மாடிக்குச் சென்ற ஆண்டு வர்ணம் பூசியவரும் ஆழியாற்றிலிருந்து வந்தவர் என்று சொன்னார்கள், ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை, பூசி முடித்துக் கூட்டிப் பெருக்கிவிட்டே போனார் என்றார். பெயர் என்ன என்று கேட்டோம். "கேக்கலீங்களே" என்றார்.